அழுகுணி ஆட்டம்

கோலி ஆடிய வயதில் எங்கள் தெருவில் ஒருவன் இருந்தான். கோலிகள் அவனுடையவை. குழி தோண்டுவதும் கோடு போடுவதும் அவன்தான். அதனால் அவன் தோற்கிற ஆட்டம் செல்லாது. "அது சும்மா ட்ரையல்டா, இப்பதான் நெஜ ஆட்டம்" என்பான். மறுபடியும் தோற்றால் புதுச் சட்டம் போடுவான். நீ இடது கையால்தான் அடிக்க வேண்டும், அடிப்பதற்கு முன் எந்தக் கோலியை அடிக்கப்போகிறாய் என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போய், "எல்லாரையும் ஜெயிச்சுட்டேம்மா" என்று அறிவிப்பான். இதற்கு அழுகுணி ஆட்டம் என்று பெயர். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ. அமெரிக்காவில் பிறந்திருந்தால் நான்கு நட்சத்திரத் தளபதியாகி, ஓய்வுபெற்று, தலைமைப் பண்பு பற்றிப் புத்தகம் எழுதியிருப்பான்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் 2002 ஜூலைக்குப் போக வேண்டும். அமெரிக்கப் படைகள் அந்த மாதம் ஒரு மாபெரும் போர் ஒத்திகையைத் தொடங்கின. 'மில்லெனியம் சேலஞ்ச் 2002' என்று பெயர். 13,500 பேர் கலந்துகொண்டார்கள். செலவு 25 கோடி டாலர். நீல அணி என்றால் அமெரிக்கா. சிவப்பு அணி என்றால் பாரசீக வளைகுடாவில் உள்ள பெயர் சொல்லாத ஒரு நாடு. பெயர் சொல்லாவிட்டால் என்ன, அந்த வருஷம் அதிபர் புஷ் எந்த நாட்டை முறைத்துக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

சிவப்பு அணியை நடத்த ஓய்வுபெற்ற மரைன் லெப்டினன்ட் ஜெனரல் பால் வான் ரைப்பரை அழைத்தார்கள். வியட்நாமில் நிஜத் தோட்டாவுக்கு நடுவில் நின்றவர். நீல அணியிடம் செயற்கைக்கோள் இருந்தது, கணினி இருந்தது, எதிரி போனை எடுத்தால் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. வான் ரைப்பர் போனையே எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார். தொழுகை அழைப்போடு சேர்த்துச் சங்கேதம் அனுப்பினார். சரணடையச் சொல்லி நீல அணி கெடு வைத்தது. கெடு முடியும்வரை அவர் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நீல அணியின் எதிர்பார்ப்பு. அவரோ கரையிலிருந்து ஏவுகணைகளையும் சின்னச் சின்னப் படகுகளையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டார். விமானந்தாங்கிக் கப்பல் உட்பட 16 போர்க்கப்பல்கள் அவுட். நிஜப் போராக இருந்தால் 20,000 அமெரிக்கர்கள் கடலடியில் கிடந்திருப்பார்கள்.

25 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பாடம். ஒரு படைக்கு இதைவிட மலிவாகப் புத்தி வராது. ஒரு உயிரும் போகாமல், எங்கே ஓட்டை என்று ஒரு கிழவர் விரல் வைத்துக் காட்டிவிட்டார். பென்டகன் என்ன செய்தது தெரியுமா? மூழ்கிய 16 கப்பல்களையும் மிதக்கவைத்தது. ஒரே ஒரு சத்தியவானை மீட்கச் சாவித்திரி எமன் பின்னாலேயே எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது! இங்கே 20,000 சத்தியவான்கள், மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு, எல்லாரும் எழுந்து டிபன் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிவப்பு அணி தன் ரேடார்களைப் போட்டு வைக்க வேண்டும், நீல அணி அவற்றைக் கண்டுபிடித்து அழிக்க வசதியாக. படைகளை இறக்க வரும் நீல அணி விமானங்களைச் சுடக் கூடாது. இடது கையால்தான் அடிக்க வேண்டும். வான் ரைப்பர் 'போங்கடா' என்று பாதியில் பொறுப்பை விட்டு விலகினார். ஒத்திகை தொடர்ந்தது. நீல அணி அமோக வெற்றி. புதிய போர்முறை சரிதான் என்று நிரூபணமாகிவிட்டதாக அறிக்கையும் வந்தது.

ஏழு மாதம் கழித்து நிஜ ஆட்டம் தொடங்கியது.

அதற்கு முன் இன்னொரு வாயை மூட வேண்டியிருந்தது. தரைப்படையின் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி. வியட்நாமில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியைப் பறிகொடுத்தவர். 2003 பிப்ரவரி 25 அன்று செனட் குழு அவரைக் கூப்பிட்டு, ஈராக்கைப் பிடித்த பிறகு கட்டிக்காக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டது. பல லட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்றார் மனிதர். கேட்டார்கள், சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் இன்னொரு குழுவின் முன் உட்கார்ந்து, அந்த எண்ணிக்கை கொஞ்சமும் பொருந்தாதது என்று தள்ளிவிட்டார். ஒரு நாட்டைப் பிடிக்கத் தேவைப்படுவதைவிட, பிடித்த பின் அமைதி காக்க அதிகம் பேர் தேவைப்படும் என்பதைக் கற்பனை செய்யவே கடினமாக இருக்கிறதாம் அவருக்கு. தாலி கட்ட ஐந்து நிமிஷம், குடித்தனம் நடத்த ஒரு ஆயுசு என்பது நம்மூரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் தெரியும். வுல்ஃபோவிட்ஸ் கல்லூரியில் படித்தது கணிதம் என்பது கூடுதல் தகவல்.

ஷின்செகி ஜூன் மாதம் ஓய்வுபெற்றார். பிரிவுபசார விழாவுக்குப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் வரவில்லை. கணக்கைச் சரியாகப் போட்டவனுக்குக் கிடைத்த மரியாதை அது. பக்கத்து அறைகளில் இருந்த மற்ற தளபதிகளும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் பாடம் கற்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே வகுப்பில் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரம் வைத்திருக்கிறார். உடனே நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். குறளைப் பேருந்தில் எழுதிவைத்துவிட்டு அதன் அடியிலேயே நின்று நாம் என்ன செய்கிறோம் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் நாம் நம் முட்டாள்தனத்தைத் தொலைதூர தேசங்களின் தலையில் குண்டாகப் போடவில்லை.

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விழுந்தது. சதாம் சிலையைச் சங்கிலி கட்டி இழுத்ததை உலகமே டிவியில் பார்த்தது. சிலை விழுந்த கையோடு ஊர் சூறையாடப்பட்டது. மருத்துவமனைக் கட்டில்கள் போயின. எழுத்து பிறந்த மண்ணின் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 15,000 பொருட்கள் போயின. அமெரிக்கப் படையோ எண்ணெய் அமைச்சகத்தின் வாசலில் கண்ணும் கருத்துமாகக் காவல் நின்றது. இதில் திட்டமிடல் இல்லை என்று யார் சொன்னது? எது வேண்டுமோ அதற்குத் திட்டம் இருந்தது.

நிருபர்கள் ரம்ஸ்ஃபெல்டைக் கேட்டார்கள். 'நடக்கிறதுதான்' என்கிற பாணியில் கையை விரித்தார். ஒரே ஆள் ஒரே ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், அந்த நாட்டில் அத்தனை ஜாடிகளா இருக்கும் என்று கிண்டலடித்தார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். 5,000 வருஷத்து மண்பாண்டம் உடைகிற சத்தம் வாஷிங்டன்வரை கேட்காது.

மே மாதம் ஈராக்கை நிர்வகிக்கப் பால் பிரெமர் வந்து இறங்கினார். கோட்டும் டையும் மேலே, கீழே மலையேறுகிறவன் போடுகிற பூட்ஸ். அந்தக் கோலமே நிர்வாகத்தின் முன்னுரை. முதல் உத்தரவில் சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்து துரத்தினார். அதில் பள்ளி ஆசிரியர்களும் அடக்கம். மே 23 அன்று இரண்டாம் உத்தரவு, ஈராக் ராணுவம் கலைக்கப்பட்டது. லட்சக்கணக்கான ஆண்களுக்கு ஒரே காகிதத்தில் சம்பளம் போயிற்று, மானம் போயிற்று. துப்பாக்கி மட்டும் போகவில்லை. அது வீட்டுப் பரணில் இருந்தது. ஆயுதக் கிடங்குகளோ காவலின்றித் திறந்து கிடந்தன. எதிரிப் படைக்கு இவ்வளவு வேகமாக ஆள்சேர்ப்பு நடத்திக்கொடுத்த தலைமை வரலாற்றில் வேறு உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

இந்த இரண்டு உத்தரவுகளுக்கும் முன்பே, மே 1 அன்று, புஷ் விமானியின் உடையை மாட்டிக்கொண்டு 'ஆபிரகாம் லிங்கன்' போர்க்கப்பலில் போய் இறங்கியிருந்தார். பின்னால் பெரிய பதாகை, பணி முடிந்தது என்று. கப்பல் அப்போது கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் பக்கத்தில் நின்றது. அன்றுவரை ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் 150 பேருக்கும் குறைவு. கடைசியில் அந்த எண் 4,400-ஐத் தாண்டியது. ஈராக்கியர் எத்தனை பேர்? பிணங்களை எண்ணுகிற வேலை எங்களுடையதல்ல என்று ஆப்கான் போரின்போதே ஜெனரல் டாமி ஃபிராங்க்ஸ் சொல்லிவிட்டார். ஈராக் போரையும் திட்டமிட்டு நடத்தியவர் அவர்தான். எண்ணாமல் விட்டது லட்சத்துக்கும் மேல் போயிற்று.

2004 டிசம்பரில் ஆறு நாள் இடைவெளியில் இரண்டு காட்சிகள். இந்த ஆறு நாளை மட்டும் ஒரு பாடப்புத்தகமாகப் போடலாம்.

டிசம்பர் 8, குவைத் பாலைவன முகாம். ஈராக்குக்குப் போகக் காத்திருந்த ஒரு சிப்பாய் எழுந்து ரம்ஸ்ஃபெல்டிடம் கேட்டான். எங்கள் வண்டிகளுக்குக் கவசம் இல்லை, நாங்கள் ஏன் குப்பைமேட்டைக் கிளறி, துருப்பிடித்த தகரத்தையும் உடைந்த கண்ணாடியையும் பொறுக்கி வண்டியில் ஒட்டவைக்க வேண்டும்? கூடியிருந்த வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். உலகத்தின் மிகப் பணக்காரப் படை பழைய இரும்புக் கடையில் நிற்கிறது. அமைச்சர் சொன்ன பதிலின் சாரம்: இருக்கிற படையோடுதான் போருக்குப் போக முடியும், ஆசைப்படுகிற படையோடு போக முடியாது. எதிரி படையெடுத்து வந்து திடீரென்று மாட்டிக்கொண்டவன் சொன்னால் இதில் நியாயம் இருக்கும். நாள் குறித்து, கெடு வைத்து, தானே தேடிப்போன சண்டை இது.

டிசம்பர் 14, வெள்ளை மாளிகை. நாட்டின் மிக உயர்ந்த சிவிலியன் விருதான சுதந்திரப் பதக்கத்தை மூன்று பேர் கழுத்தில் புஷ் அணிவித்தார். ஒருவர் டாமி ஃபிராங்க்ஸ். இன்னொருவர் ராணுவத்தைக் கலைத்த பிரெமர். மூன்றாமவர், இல்லாத பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் இருப்பதாக உறுதி சொன்ன உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஜார்ஜ் டெனெட். ஷின்செகி அந்த மேடையில் இல்லை.

ஆப்கானிஸ்தானுக்கு வருவோம். 2009-இல் காபூலில், போரை அங்கே நடத்திய ஜெனரல் ஸ்டான்லி மக்கிரிஸ்டலுக்கு ஒரு பவர்பாயின்ட் படம் போட்டுக் காட்டினார்கள், அமெரிக்காவின் போர் உத்தி இதுதான் என்று. நூற்றுக்கணக்கான அம்புக்குறிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு கிடந்தன. சாட்சாத் இடியாப்பம். இது நமக்குப் புரியும்போது போரை ஜெயித்திருப்போம் என்று அவரே சொன்னார், அறை சிரித்தது. நகைச்சுவை உணர்வுள்ள மனிதர். மறு வருஷம் மார்ஜா என்ற ஊரைப் பிடிக்கப் படையனுப்பியபோது, அரசாங்கத்தையே பெட்டியில் கட்டி வைத்திருக்கிறோம், இறக்கிவைக்க வேண்டியதுதான் பாக்கி என்றார். பார்சலைப் பிரித்தால் உள்ளே சாம்பார்கூட இல்லை. மூன்று மாதத்தில் அவரே அந்த ஊரை ரத்தம் கசியும் புண் என்று வர்ணிக்க வேண்டி வந்தது. அதற்கடுத்த மாதம் பத்திரிகையாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மேலிடத்தைக் கேலி பேசியதற்காகப் பதவி போயிற்று. கவனியுங்கள், போர் சரியில்லை என்பதற்காக அல்ல, வாய் சரியில்லை என்பதற்காக. இப்போது அவர் கம்பெனிகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கும் நிறுவனம் நடத்துகிறார். புத்தகமும் சக்கைப்போடு போட்டது.

செலவுக் கணக்கை முழுக்கச் சொன்னால் உங்களுக்கு மயக்கம் வரும், இரண்டு மூன்று போதும். அந்த நாட்டில் காடு என்பது நிலப்பரப்பில் 2.1 சதவீதம். அவர்களுடைய ராணுவத்துக்கு அமெரிக்கக் காசில் வாங்கிக் கொடுத்தது காட்டுப் பச்சைச் சீருடை. மண்ணும் பாறையுமான மலையில் பச்சைப்பசேலென்று நின்றால் எதிரிக்குக் குறிபார்க்க எவ்வளவு சௌகரியம்! அதிலும் உரிமம் பெற்ற விசேஷ டிசைன் என்பதால் 2 கோடி 80 லட்சம் டாலர்வரை தண்டம். ஹெல்மண்ட் மாகாணத்தில் தலைமையகக் கட்டடம் ஒன்று, 64,000 சதுர அடி. எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று அங்கிருந்த தளபதியே 2010-இல் எழுதிக்கொடுத்த பிறகும் 3 கோடி 60 லட்சம் டாலரில் கட்டி முடித்தார்கள். யாரும் குடிபோகவில்லை. ஆப்கான் விமானப்படைக்காக 20 சரக்கு விமானங்கள், திட்டச் செலவு ஏறத்தாழ 55 கோடி டாலர். அவற்றில் 16 விமானங்களை உடைத்து எடைக்குப் போட்டதில் கிடைத்தது சுமார் 40,000 டாலர். நம் தெருவில் சைக்கிளில் வருகிறவர் இதைவிட நல்ல விலைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்திருப்பார்.

இவ்வளவையும் கண்டுபிடித்து எழுதியதும் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம்தான். அதை மறைக்கக் கூடாது, பாராட்ட வேண்டும். தன் முட்டாள்தனத்தைத் தானே ஆடிட் செய்து, அழகாக அச்சடித்து, இணையத்தில் போடுகிற தேசம் அது. சிக்கல் என்னவென்றால், அச்சடித்ததோடு கடமை முடிந்துவிடுகிறது. கன்சாஸ் மாநிலத்தில் லெவன்வொர்த் கோட்டையில் ராணுவத்துக்கென்றே 'கற்ற பாடங்கள் மையம்' ஒன்று 1985-இல் தொடங்கப்பட்டது. அது திறந்த பிறகுதான் சோமாலியா, ஈராக், ஆப்கானிஸ்தான், சிரியா எல்லாம் நடந்தன. ஆப்கான் போரை வெள்ளை மாளிகையிலிருந்து கவனித்துக்கொண்ட லெப்டினன்ட் ஜெனரல் டக்ளஸ் லூட், நாங்கள் என்ன செய்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்று 2015-இல் பேட்டி கொடுத்தார். பொதுமக்களுக்கு அல்ல, அரசின் பாடம் தொகுப்போருக்கு. 'வாஷிங்டன் போஸ்ட்' வழக்காடி அதை வெளியே கொண்டுவர 2019 ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு தளபதியும் நிருபர்கள் முன் நின்று, முன்னேற்றம் தெரிகிறது, முன்னேற்றம் தெரிகிறது என்று ஓதிக்கொண்டிருந்தார்.

சிரியா பாக்கி. ஐ.எஸ். அமைப்போடு சண்டையிட, வருஷத்துக்கு 5,400 சிரியப் போராளிகள் வீதம் பயிற்சி கொடுக்க 50 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2015 செப்டம்பரில் செனட் குழு கேட்டது, எத்தனை பேர் களத்தில் நிற்கிறார்கள் என்று. ஜெனரல் லாய்ட் ஆஸ்டின் சொன்னார்: நான்கு அல்லது ஐந்து பேர். நாலா ஐந்தா என்பதில்கூட நிச்சயம் இல்லை. அவர் 2021-இல் பாதுகாப்பு அமைச்சர் ஆனார்.

துப்பாக்கியைத் தொலைக்கும் சிப்பாய்க்குக் கிடைக்கிற தண்டனைகூடப் போரைத் தொலைக்கும் தளபதிக்குக் கிடைப்பதில்லை என்று 2007-இல் லெப்டினன்ட் கர்னல் பால் யிங்லிங் வெளிப்படையாக எழுதினார். ஈராக்கில் பணியாற்றியவர், அப்போது பணியில் இருந்தவரும்கூட. கட்டுரையைப் பலரும் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

2025-இல் கடைசியாகத் தோல்விக்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தொப்பை. உலகெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான தளபதிகளை செப்டம்பர் 30 அன்று வர்ஜீனியாவின் குவான்டிகோவுக்கு வரவழைத்து, குண்டுத் தளபதிகளைப் பென்டகன் நடைக்கூடங்களில் பார்க்கவே சகிக்கவில்லை என்று அமைச்சர் பீட் ஹெக்செத் வகுப்பெடுத்தார். அந்த வருஷம் மார்ச்சில்தான், ஏமன் மீது குண்டு போடும் நேரத்தையும் விமானத்தையும் போன் குழுவில் அவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் ஒரு பத்திரிகையாசிரியரும் இருந்தார், தவறுதலாகச் சேர்க்கப்பட்டு. குண்டு விழுந்ததும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் முஷ்டி, கொடி, நெருப்பு என்று மூன்று எமோஜி போட்டார். கட்டடம் இடிந்து விழுந்த இடத்தில் நெருப்புப் படம் போடத் தேவையே இருந்திருக்காது.

ஒத்திகையில் மூழ்கிய கப்பலை மிதக்கவைக்கலாம். ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் மருத்துவமனையை அப்படி எழுப்ப முடியவில்லை. 2015 அக்டோபர் 3 அதிகாலையில், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு நடத்திய அந்த மருத்துவமனையை அமெரிக்கப் பீரங்கி விமானம், மருத்துவர்கள் சொல்லும் கணக்கில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், சுற்றிச் சுற்றிச் சுட்டது. இடத்தின் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையைச் சில நாள் முன்புதான் மருத்துவர்கள் படைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். சுட்டுக்கொண்டிருக்கும்போதே போன் போட்டுக் கெஞ்சினார்கள். நகர முடியாத நோயாளிகள் கட்டிலிலேயே எரிந்தார்கள். 42 பேர். 16 படையினர் மீது துறை நடவடிக்கை எடுத்தார்கள், ஒருவர் மீதும் குற்றவழக்கு இல்லை.

2021 ஜூலையில், இருபது வருஷம் இருந்த பக்ராம் தளத்தை, வாடகை பாக்கிக்காரன் வீட்டைக் காலி செய்வதுபோல, ஆப்கான் தளபதிக்குச் சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக விட்டுப் போனார்கள். ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. 26-ஆம் தேதி விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் சுமார் 170 ஆப்கானியரும் செத்தார்கள். பதிலுக்கு யாரையாவது அடித்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 29. காபூலில் ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா. ஆளில்லா விமானங்கள் எட்டு மணி நேரம் அதன் பின்னாலேயே மேலிருந்து போயின. ஓட்டியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர். அலுவலகத்தில் கேன்களில் தண்ணீர் பிடித்து வண்டியில் ஏற்றினார், வீட்டுக்குக் கொண்டுபோக. மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வெடிமருந்தாகத் தெரிந்தது. வண்டி வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் ஏவுகணை வந்தது. 10 பேர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். ஏவுவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே திரையில் ஒரு குழந்தை தெரிந்ததைப் பின்னால் விமானப்படை விசாரணையே ஒப்புக்கொண்டது. மூன்றாம் நாள், கூட்டுப்படைத் தலைவர் மார்க் மில்லி அதை நியாயமான தாக்குதல் என்றார். பத்திரிகைகள் தோண்டித் துருவி உண்மையைப் போட்ட பிறகு, செப்டம்பர் 17 அன்று, மத்தியப் படைத்தலைமையின் தளபதி கென்னத் மெக்கன்சி செய்தியாளர்கள் முன் வந்து, தவறு நடந்துவிட்டது, முழுப் பொறுப்பும் என்னுடையது என்றார்.

இதற்காக யாரையாவது தண்டிக்கலாமா என்று பரிந்துரைக்கும் வேலை இரண்டு தளபதிகளிடம் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் மெக்கன்சி. தண்டனை வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. டிசம்பரில் அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் அதை ஏற்றுக்கொண்டார்.